பந்தியில் சொன்னால் நிமிர்ந்து பார்க்க வைக்கும் தகவல்கள்: குறுக்குக் கேள்விக்குத் தாங்குபவை மட்டும்

குறிப்பேடு
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் மறுபடியும் வந்துவிட்டது: நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாம். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை, அதற்கென்று ஒரு போட்டியும் வைத்ததில்லை. அனுப்பியவர் என் சித்தப்பா. கீழே வரிசையாகக் கைகூப்பு பொம்மைகள். மறுத்து எழுதினால் அடுத்த கல்யாணம் வரை என்னோடு பேசமாட்டார்.

அதனால் மறுப்பதை விட்டுவிட்டு, அதைவிடச் சுவையான உண்மைகளை அவிழ்த்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்படி இருக்க வேண்டும். கேட்பவர் "அதெப்படி?" என்றால் பதில் கையில் இருக்க வேண்டும்.

நான் தொடங்கிவைக்கிறேன். கிளியோபாட்ரா வாழ்ந்த காலம் பெரிய பிரமிடு கட்டிய காலத்தைவிட, மனிதன் நிலவில் இறங்கிய காலத்துக்குத்தான் நெருக்கம். பிரமிடு கிமு 2560 வாக்கில் எழுந்தது. அவள் இறந்தது கிமு 30. நிலவில் இறங்கியது 1969. ஒரு பக்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு, மறுபக்கம் இரண்டாயிரம். கழித்தல் தெரிந்தால் போதும்.

நுணல்
எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்ற அதே 1977ஆம் ஆண்டில்தான் பிரான்சில் கடைசியாகக் கில்லட்டினில் ஒருவரின் தலையை வெட்டினார்கள். பதவியேற்பு ஜூன் மாதம், தலைவெட்டு செப்டம்பர் மாதம், மார்செய் நகரச் சிறையில். கில்லட்டின் என்றதும் நமக்குப் பிரெஞ்சுப் புரட்சியும் பொய்முடி வைத்த பிரபுக்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்டில் மரண தண்டனையையே 1981இல்தான் ஒழித்தார்கள்.

தூங்காநகர்
தலைப்பில் "பந்தி" என்று இருக்கிறது, ஐயா. பாயசம் ஊற்றும் நேரத்தில் தலைவெட்டா?

நுணல்
சரி, சைவமாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் வாம்பேட் என்று ஒரு விலங்கு இருக்கிறது. அதன் சாணம் கனசதுரமாக விழும். எப்படி அப்படி விழுகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு 2019இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கானது) கொடுத்தார்கள். குடலின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இல்லாததுதான் காரணமாம்.

தூங்காநகர்
பாயசத்தை நீங்களே குடித்துக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி
பந்தி என்றால் பந்திக்கு ஏற்றதைச் சொல்லுங்கள். நான் சொல்வதற்கு எதிரில் ஓர் இலையும் அதில் கொஞ்சம் சாம்பாரும் இருந்தால் போதும்.

ராஜராஜ சோழன் தன் வாழ்நாளில் ஒரு மிளகாயைக்கூடப் பார்த்ததில்லை. கரிகாலனும் பார்த்ததில்லை, கம்பனும் பார்த்ததில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே போனது 1492இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498இல். அதற்குப் பிறகு போர்ச்சுக்கீசியர்களின் கப்பல்களில்தான் மிளகாய் நம் கரைக்கு வந்தது. அதுவரை இந்த நாட்டில் உறைப்பு என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தாதீர்கள். இலையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். தக்காளி அங்கிருந்து வந்தது. உருளைக்கிழங்கு அங்கிருந்து வந்தது. கேசரியில் வறுத்துப் போட்ட முந்திரி அங்கிருந்து வந்தது. வெளியே வந்து கொறிக்கிற நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, அன்னாசி, ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி, எல்லாமே அந்தக் கண்டத்தைச் சேர்ந்தவை. நான் ஒரு நிச்சயதார்த்தத்தில் இப்படி எடுத்துக்கொண்டே போனபோது கடைசியில் இலையில் சோறு, பருப்பு, நெய், வாழைக்காய், மோர் மட்டும் மிஞ்சின. எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் கையைக் கழுவாமலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடுகு
எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்வது ஒரு வியாதி. ஊறுகாய்க்கும் வத்தக்குழம்புக்கும் இவ்வளவு பழக்கப்பட்ட மக்கள் ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் மிளகாயே அறியாதவர்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஆதாரம் என்ன?

கொத்தமல்லி
கேட்டது நல்லதாயிற்று. ஆதாரத்துக்கு நூலகம் போக வேண்டாம், திவச வீட்டுக்குப் போங்கள். பழைய முறைப்படி திவசம் செய்கிற வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் கிடையாது. மிளகும் சீரகமும்தான் உறைப்புக்கு. வாழைக்காய், புடலை, பாகல், கொத்தவரை, சேப்பங்கிழங்கு என்று பழைய காய்கள்தான் இலைக்கு வரும். முன்னோர்களுக்குப் படைக்கும்போது முன்னோர்கள் சாப்பிட்டதைத்தான் படைக்கிறார்கள். புரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் நுழைவதில்லை.

இன்னொன்று. காட்டில் தானாக வளரும் மிளகாய் இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கின்றன. சங்க நூல்களில் மிளகு கிடைக்கும், மிளகாய் கிடைக்காது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை கணக்கில் வைக்கிறது. அந்த மிளகுக்கு ரோமாபுரி எப்படி ஏங்கியது தெரியுமா? கிபி 408இல் அலாரிக் என்ற கோத்தியத் தலைவன் ரோம் நகரை முற்றுகையிட்டான். நகரைவிட்டுப் போவதற்கு அவன் கேட்ட பணயத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அந்த மிளகு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போன சரக்கு.

வந்தேறி என்று மிளகாயைக் குறைத்தும் பேசவில்லை, கடுகு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. குடியுரிமை வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்காநகர்
அப்படியானால் இத்தாலிக்காரர்களின் தக்காளிக் குழம்பும் தாய்லாந்துக்காரர்களின் உறைப்பும்?

கொத்தமல்லி
அதே கப்பல்களின் புண்ணியம்தான்.

பெரியகோயில்தெரு
நான் தஞ்சாவூர்க்காரன். வெளியூரிலிருந்து எந்த உறவினர் வந்தாலும் முதலில் சொல்லும் தகவல் ஒன்று உண்டு: பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது. பள்ளிச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் சொல்கிறார்கள், பொது அறிவுப் புத்தகங்களில்கூட அச்சாகிவிட்டது.

நிழல் விழுகிறது. காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். மாலை வெயிலில் அந்த நிழலில்தான் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானத்துக்கு நிழல் விழாது என்றால் சூரியன் எங்கே போவது?

ஆனால் இந்தப் பொய்க்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அது இன்னும் சுவையானது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருக்கிற எந்த ஊரிலும் ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழல் கிடையாது. தஞ்சாவூரில் அது ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் வருகிறது. அன்றைக்கு விமானத்துக்கும் நிழல் தெரியாது, விளக்குக் கம்பத்துக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விமானத்துக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். அதனால் அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்குக்கூட உச்சிப்பொழுதில் அதன் நிழல் அதன் மேலேயே மடங்கிவிடும். நடுப்பகலில் வெறுங்காலோடு அந்தக் கல்தளத்தில் நின்று நிழல் தேடியவர்களில் யாரோ கட்டிவிட்ட கதையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

டெல்லிக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே இந்த நாள் வருவதே இல்லை.

குறிப்பேடு
இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். "அது பொய்" என்று முடிக்காமல் "அது முழுக் கதை இல்லை, மீதியைக் கேளுங்கள்" என்று போகலாம். சித்தப்பாவுக்கும் மரியாதை கெடாது.

வெள்ளிக் கிரகமும் இதே கதைதான். அதில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம் என்று எல்லோரும் சொல்கிறோம். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 புவி நாள், சூரியனைச் சுற்ற 225 நாள் என்ற கணக்கில் அது சரி. யாராவது விவரமானவர் "சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை எவ்வளவு?" என்று மடக்கினால் 117 நாள் என்று சொல்லுங்கள். அது எதிர்த்திசையில் சுழல்வதால் வரும் வித்தியாசம். அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். இந்தக் கடைசி வரியைத்தான் கேட்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

கடுகு
இந்த இழையில் ஒருவராவது கேட்பவர் பக்கம் நின்று பேச வேண்டும். என் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்குவார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தெரியுமா? சுறாக்கள் மரங்களுக்கு முன்பே தோன்றியவை, தெரியுமா? எல்லாம் உண்மைதான், நான் தேடிப் பார்த்தேன். ஆனால் என் மகளின் பள்ளிச் சேர்க்கையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது எதற்கு எனக்கு ஆக்டோபஸின் இதயம்?

தூங்காநகர்
"தெரியுமா?" என்பதே வினை. "தெரியாது" என்றால் நான் முட்டாள், "தெரியும்" என்றால் அவர் முகம் சுருங்குகிறது. நடுவில் தப்பிக்க வழி இல்லை.

கொத்தமல்லி
நான் ஒருபோதும் கேள்வியாகத் தொடங்கமாட்டேன். மிளகாய்க் கதையை மிளகாய் இல்லாத இடத்தில் சொன்னால் அது பாடம். சாம்பாரில் மிதக்கிற மிளகாயை ஒருவர் ஒதுக்கி வைக்கும்போது சொன்னால் அவரே அடுத்த கேள்வியைக் கேட்பார். பொருள் எதிரில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். என்னிடம் ஆண்டுக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருக்கிற தகவல்கள் இருக்கின்றன. ஏற்ற இடம் வரவில்லை.

குறிப்பேடு
கடுகு சொல்வது நியாயம். ஒருவர் கவலையோடு பேசும்போது தகவல் சொல்வது அவர் பேச்சை வெட்டுவதுதான், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும். பேச்சு தானாக ஓய்ந்த இடத்தில்தான் இதற்கு வேலை. பஸ் வராத நிறுத்தம், முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிற மண்டபம், கரண்ட் போன இரவு.

நுணல்
அப்படியென்றால் சிக்கன் 65 ஏன் 65 என்பதை இங்கே

நெறியாளர்
வேண்டாம். 65 நாள் கோழி, 65 மிளகாய், ராணுவ உணவக வரிசை எண், 1965ஆம் ஆண்டு புகாரி ஹோட்டல் என்று அதற்கென்று தனி இழையே எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

வன்னிக்காற்று
வணக்கம், நான் வவுனியாவைச் சேர்ந்தவன். இந்தியத் தமிழர்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் நம்புவதில்லை, ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அனுபவித்தது.

எங்கள் சின்னத் தீவில் பத்து ஆண்டு இரண்டு நேரம் இருந்தது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூட. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது.

சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து வன்னிக்குள் போனவர்கள் அரை மணித்தியாலம் பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது அதை இழந்தார்கள். கிளிநொச்சியில் ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால் "எந்த நேரப்படி?" என்று கேட்டுத்தான் குறிக்க வேண்டும். விமானமும் இல்லை, கடலும் இல்லை, ஒரு சாவடிதான் நடுவில். 2006இல் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியதால் இரண்டும் ஒன்றாகின. அந்த ஆண்டு மற்ற எதுவும் ஒன்றாகவில்லை.

குறிப்பேடு
வன்னிக்காற்று அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்போம்?

கணக்குவாத்தியார்
தம்பி வன்னிக்காற்றுக்கு நன்றி. நேரம் என்று வந்துவிட்டதால் இந்தியாவின் கதையையும் சேர்த்துவிடுகிறேன், அதுவும் ஒழுங்காக இருந்ததில்லை.

இன்று நாம் காட்டுகிற இந்திய நேரம் 1906 ஜனவரி 1இல் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படி. பம்பாயிலிருந்து புறப்படுகிற வண்டிக்கும் அதுதான். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் இருந்தது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரத்தைத் தந்தி வழியாக அனுப்பினார்கள். பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் நடுவில் சென்னை நேரம் இருந்தது இன்னொரு வசதி. இன்றைய நேரத்தைவிடச் சென்னை நேரம் ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது.

பொது நேரம் வந்த பிறகும் இரண்டு நகரங்கள் அடம்பிடித்தன. கல்கத்தா 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 39 நிமிடம் பிந்திய தன் நேரத்தை 1955 வரை வைத்திருந்தது. சுதந்திரம் வாங்கி எட்டு ஆண்டு கழித்தும் பம்பாயில் "எந்த நேரம்?" என்று கேட்க வேண்டியிருந்தது.

அதே சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க மசூலிப்பட்டினம் போனார். பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரில் இருந்தார். இரண்டும் அன்று சென்னை மாகாணம். சூரியனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது அன்றைக்குக் கண்ட மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று ஆனது. பலூனில் அடைக்கிற அந்த வாயுவைப் பூமியில் பிரித்தெடுத்தது 1895இல். இருபத்தேழு ஆண்டு முன்பே சூரியனில் கண்டாயிற்று. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவில் பலூன் கட்டும்போது சொல்வேன். கொத்தமல்லி சொல்வதுபோல, பொருள் எதிரில் இருக்க வேண்டும்.

நுணல்
நேரத்தில் கடைசியாக ஒன்று. பசிபிக் கடலில் இருக்கிற சமோவா நாட்டில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்ய வசதியாகத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவினார்கள். 29ஆம் தேதி இரவு படுத்தவர்கள் 31ஆம் தேதி எழுந்தார்கள்.

தூங்காநகர்
30ஆம் தேதி பிறந்தவர்கள் பாவம். கேக்கும் இல்லை, கைநீட்டமும் இல்லை.

கணக்குவாத்தியார்
பிறந்தநாள் என்று தூங்காநகர் வாய் திறந்ததால், பள்ளியில் நான் ஆண்டுதோறும் செய்துகாட்டியதைச் சொல்கிறேன். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். 57 பேர் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

கடுகு
365 நாளுக்கு 23 பேர் எப்படிப் போதும்? குறைந்தது 180 பேராவது வேண்டாமா?

கணக்குவாத்தியார்
எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். உங்கள் பிறந்தநாளோடு ஒத்துப்போகிற ஆளைத் தேடினால் நிறையப் பேர் வேண்டும், 23 பேரில் அது அரிது. நான் கேட்பது எந்த இருவராவது. 23 பேரில் எத்தனை இணைகள் என்று எண்ணுங்கள்: 23ஐ 22ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 253. ஆட்கள்தான் 23, ஒப்பீடுகள் 253. ஒவ்வோர் இணையும் ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கிறது.

கல்யாண வேனில் செய்துபாருங்கள். நம் ஊரில் இது இன்னும் எளிதாகப் பலிக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சான்றிதழ் பிறந்தநாளைக் கேளுங்கள். மே, ஜூன் என்று குவியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டத் தலைமையாசிரியர் போட்ட தேதிகள் அவை. தேதிகள் ஒரே இடத்தில் குவியக் குவிய, இருவர் மோதிக்கொள்வதும் கூடும்.

பெரியகோயில்தெரு
என் அப்பா, பெரியப்பா, அத்தை மூவருக்கும் சான்றிதழில் ஜூன் 1. மூவரும் வெவ்வேறு ஆண்டு என்பதால் பாட்டிமேல் சந்தேகம் வரவில்லை.

கடுகு
இன்று மதியம் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பிரிவில் 26 பேர். கணக்காளருக்கும் அந்த ஆக்டோபஸ் மனிதருக்கும் ஒரே நாள், நவம்பர் 14. இருவரும் பல ஆண்டாக எதிரெதிர் மேசை. அவர் என்னிடம் "அதெப்படி?" என்று கேட்டார். 253 கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

கணக்குவாத்தியார்
26 பேர் என்றால் இணைகள் 325, கடுகு. வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது.

தூங்காநகர்
பிப்ரவரி 29இல் பிறந்தவர் வேனில் இருந்தால் என்ன செய்வது, ஐயா?

கணக்குவாத்தியார்
ஏற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 366 நாள் என்று வைத்தே கணக்குப் போட்டாலும் 23 பேரில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது.